வாடகை கொடாத குடித்தனக்காரன்

வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்துக்கள் அநேகமாக எல்லாம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டே வருகின்றன. திருடன் வந்தால் நாய் குரைக்கிறது. தீப் பிடித்தால் புகை காட்டிக் கொடுக்கிறது. சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. ஆயினும் அது கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் ஒரு துர்நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். ஆனால் எந்த இந்திரியத்துக்கும் அகப்படாத பொருள் ஒன்று உண்டு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. தலைவலி கொடுப்பதில்லை, இருமல் உண்டாக்குவதில்லை. இருபது முப்பது வருஷங்கள் ஒரே வீட்டில் நம்முடன் குடியிருந்துவிட்டு, கடைசியில் ஒரு நாள் வைத்தியரின் வாயிலாகத் தன்னைத் தெரிவித்துக்கொள்ளக் கூடியது அது. அதன் பெயர் ரேடான்.

பெயரைக் கேட்டவுடன், இது ஏதோ தொழிற்சாலைப் புகை என்றோ, அணுகுண்டின் மிச்சம் என்றோ நேயர்கள் எண்ணிவிடலாகாது. மனிதன் பூமியில் தோன்றுவதற்குக் கோடானு கோடி வருஷங்களுக்கு முன்பே ரேடான் இருந்தது. அது வெளியே பரந்த ஆகாயத்தில் உலாவும் வரை அதனால் பெரிய தொல்லை ஒன்றும் இல்லை. நாலு சுவர்களை எழுப்பி, கதவு ஜன்னல்களை அடைத்து, அதற்குத் தங்க இடம் கொடுத்தவர்கள் நாம்தாம்.

மலை நோய்

ஜெர்மனிக்கும் பொஹீமியாவுக்கும் இடையே ஒரு மலைத் தொடர் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே வெள்ளிச் சுரங்கங்கள் செழித்து நடந்தன. யோவாகிம்ஸ்தால் என்பது அங்குள்ள சுரங்க ஊர். அவ்வூரில் அடித்த வெள்ளி நாணயத்துக்கு ஊரின் பெயரே ஏற்பட்டு, அது சுருங்கித் 'தாலர்' ஆகி, பிற்காலத்தில் அமெரிக்கரின் 'டாலர்' ஆயிற்று. உலகத்துக்கு டாலரைத் தந்த அந்த ஊர் தன் மக்களுக்குத் தந்தது வேறொன்று. சுரங்கத்தில் இறங்கிய வாலிபர்கள் சில வருஷங்களில் மூச்சுத் திணறி, மெலிந்து, இறந்து போனார்கள். 'மலை நோய்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பூமிக்கடியில் வாழும் பூதங்களின் வேலை அது என்று பலர் நம்பினார்கள்.

அவ்வூரில் வைத்தியராக இருந்த அக்ரிகோலா என்பவர் சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1556-ம் வருஷத்தில் வெளிவந்தது. கார்ப்பேதிய மலைச் சுரங்கங்களில் ஏழு புருஷர்களை ஒருவர் பின் ஒருவராக மணந்து, எழுவரையும் இந்த நோய்க்குப் பறிகொடுத்த ஸ்திரீகள் இருந்தார்கள் என்று அவர் அந்நூலில் குறித்திருக்கிறார். நோயின் காரணம் தூசி என்று அவர் நினைத்தார். ஆயினும் சுரங்கத்துக்குள் நல்ல காற்றைச் செலுத்தும் இயந்திரங்களை அந்த நூலில் படங்களுடன் விவரித்தார். காரணத்தை முழுவதும் அறியாமலே சரியான மருந்தைச் சொல்லிவிட்ட வைத்தியர் அவர்.

1879-ம் வருஷத்தில் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு வைத்தியர்கள், ஜெர்மானியப் பகுதியில் உள்ள ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரின் உடல்களைச் சோதித்து, மலை நோய் என்பது உண்மையில் சுவாசப் பையில் உண்டாகும் புற்று நோய் என்று கண்டார்கள். 1898-ல் கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள் அல்லவா? அதற்கு ஆதாரமாக இருந்த கறுப்புத் தாதுப்பொருள் அதே யோவாகிம்ஸ்தாலிலிருந்து வந்ததுதான். 1900-ல் டார்ன் என்னும் ஜெர்மானிய சாஸ்திரி, ரேடியத்திலிருந்து ஒரு வாயு ஓயாமல் வெளிப்படுகிறது என்று காட்டினார். அதற்கு முந்திய வருஷமே ரூதர்போர்டும் ஓவன்ஸும் தோரியத்திலிருந்து அத்தகைய வாயு ஒன்று எழுவதைக் கண்டிருந்தார்கள். இப்படியாகச் சுரங்கத்துப் பூதத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது.

விந்தை என்னவெனில், பெயர் கிடைத்த பிறகும் உலகம் அதைக் கண்டு பயப்படவில்லை, நேர்மாறாகக் கொண்டாடிற்று! ரேடியம் கலந்த தண்ணீரைச் சர்வ ரோக நிவாரணி என்று புட்டிகளில் அடைத்து விற்றார்கள். அத்தகைய மருந்து நீரை வருஷக் கணக்கில் குடித்து வந்த பயர்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர், தாடை எலும்பு சிதைந்து 1932-ல் மாண்ட பிறகே அந்த மோகம் சற்றுத் தணிந்தது. புதிய பொருள் எதுவாயினும் அதை முதலில் மருந்தென்று விழுங்கிப் பார்ப்பது மனித சுபாவம் போலும்!

தாயும் பிள்ளைகளும்

ரேடான் எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்தும் பாறையிலிருந்துந்தான். எந்த ஊர் மண்ணை எடுத்துக்கொண்டாலும் அதில் யுரேனியம் என்னும் உலோகம் சிறிதளவு கலந்திருக்கும். பொதுவாக ஒரு டன்னுக்குச் சுமார் 3 கிராம். இந்த யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து, பல மாறுதல்கள் அடைந்து, ரேடியம் ஆகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. அதுவரை எல்லாம் கெட்டிப் பொருள். ஆகையால் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ரேடான் ஒன்றுதான் வாயு. அதற்கு மட்டும் சிறகு முளைத்துவிடுகிறது. மண் துகள்களின் இடுக்குகள் வழியே அது மேலே கிளம்புகிறது.

அதன் ஆயுள் அற்பம். 3.8 நாட்களில் பாதி அழிந்துவிடும். மீதியில் பாதி அடுத்த 3.8 நாட்களில் அழியும். இந்தக் கணக்கில் போனால் 38 நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். "அப்படியானால் சும்மா இருந்தாலே தொலைந்து போகுமே!" என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டின் அடியில் உள்ள ரேடியத்தின் ஆயுளில் பாதி 1,600 வருஷம். அது இருக்கும்வரை ரேடான் புதிது புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும். ஊற்று வற்றாத கிணற்றை இறைத்துத் தீர்க்க முடியுமா?

மற்றொரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். ரேடான் மற்றப் பொருள்களுடன் சேராத துறவி இனத்தைச் சேர்ந்த வாயு. மூச்சில் உள்ளே போன ரேடானில் பெரும் பகுதி அப்படியே வெளியே வந்துவிடுகிறது. கெடுதல் செய்பவை அதன் பிள்ளைகள். ரேடான் சிதையும்போது பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்ற உலோகங்களின் அணுக்கள் வரிசையாகப் பிறக்கின்றன. இவை துறவிகள் அல்ல. கண்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும் சுபாவம் உடையவை. காற்றிலுள்ள தூசியைப் பற்றிக்கொண்டு மூச்சோடு சென்று, சுவாசக் குழாய்களின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இவற்றில் முதல் சிலவற்றின் ஆயுள் நிமிஷக் கணக்குத்தான். உடல் அவற்றை வெளியேற்றுவதற்குள் அங்கேயே வெடித்து ஆல்பா கிரணங்களை வீசுகின்றன. சுரங்கத் தொழிலாளரின் சுவாசப் பையைப் புண்படுத்துவது பெரும்பாலும் ரேடான் அல்ல, இந்தப் பிள்ளைகளே என்பதை 1951-ல் பேல் என்னும் அமெரிக்க விஞ்ஞானி விளக்கிக் காட்டினார்.

ஆல்பா கிரணம் ஒரு காகிதத்தைக்கூடத் துளைத்துச் செல்ல மாட்டாதது. நம் மேல் தோலின் உயிரற்ற படலமே அதைத் தடுக்கப் போதும். ஆனால் சுவாசக் குழாயின் உட்புறத்தில் அத்தகைய கவசம் கிடையாது. உயிருள்ள மெல்லிய அணுவறைகள் நேராக நிற்கின்றன. கிரணம் பட்ட அறைகளிற் பல மாண்டு போகும். சில தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும். எங்கேயோ ஒன்று கோணலாகச் செப்பனிட்டுக்கொண்டு, அந்தக் கோணலோடு பெருகத் தொடங்கிவிட்டால் அதுவே புற்று நோய்க்கு வித்து.

மணி அடித்த இஞ்சினீயர்

ரேடான் சுரங்கத்து ஆபத்து என்றே உலகம் வெகு காலம் எண்ணியிருந்தது. ஸ்வீடன் தேசத்தில் மாத்திரம் 1956-லேயே ஹுல்ட்க்விஸ்ட் என்பவர் வீடுகளில் அளந்து பார்த்திருந்தார். அங்கே யுரேனியம் கலந்த ஒரு வகைப் பாறையைக் கொண்டு 'நீலக் காங்கிரீட்' என்னும் கட்டடப் பொருளை 1929 முதல் 1975 வரை செய்து வந்தார்கள். அச்சுவர்களிலிருந்தே ரேடான் வெளிப்பட்டது. 1973-ம் வருஷத்து எண்ணெய் நெருக்கடிக்குப் பின், உள்ளே உள்ள உஷ்ணம் வீணாகாமல் இருக்க வீடுகளை இடைவெளியின்றி அடைத்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று.

ஆனால் உலகத்தின் கண்ணைத் திறந்தது 1984-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்தில் நடந்த சம்பவம். அங்கே லிமரிக் என்னுமிடத்தில் ஓர் அணு மின்சார நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்கள் வெளியே போகும்போது, அவர்கள் மேல் கதிரியக்கப் பொருள் ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்க வாசலில் ஒரு கருவி உண்டு. வாட்ராஸ் என்னும் இஞ்சினீயர் அதைக் கடக்கும் போதெல்லாம் அபாய மணி கணகணவென்று அடித்தது. நிலையமோ இன்னும் மின்சாரம் உற்பத்தி செய்யவே தொடங்கவில்லை! ஒரு நாள் காலையில் அவர் வேலைக்கு வந்தவுடன், உள்ளே போகாமல் நேராக அந்தக் கருவியில் போய் நின்றார். அப்போதும் மணி அடித்தது. ஆகவே அழுக்கு ஒட்டியது தொழிற்சாலையில் அல்ல, வீட்டில்.

வீட்டைச் சோதித்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ரேடான் அணுக்கள் வெடித்துக்கொண்டிருந்தன. அமெரிக்க சர்க்கார் பிற்பாடு வகுத்த எல்லையைப் போல இது கிட்டத்தட்ட 700 மடங்கு. அணுசக்தி நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கதிரியக்கம் வந்துவிடுமோ என்று ஜனங்கள் அஞ்சியிருந்த காலத்தில், வீட்டிலிருந்து நிலையத்துக்கு அது சென்ற விந்தையைப் பாருங்கள்! வாட்ராஸ் குடும்பத்தினர் உடனே வீட்டைக் காலி செய்தார்கள். சில மாதங்கள் வேலை செய்து வீட்டைச் சீர்படுத்திய பிறகு அதே வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள் என்பதையும் நேயர்கள் மறக்கலாகாது. நம்முடைய கட்டுரையின் நம்பிக்கையான பகுதி அதுதான்.

வீடு மூச்சு விடுகிறது

மண்ணிலுள்ள வாயு வீட்டுக்குள் ஏன் வர வேண்டும்? குளிர் நாடுகளில் வீட்டை உள்ளே சூடாக வைத்திருக்கிறார்கள். சூடான காற்று இலேசானது. மேலே எழும்பி, கூரையின் இடுக்குகள் வழியாக வெளியேறும். வெளியேறிய காற்றின் இடத்தை நிரப்ப வீடு கீழேயிருந்து காற்றை உறிஞ்சும். அடுப்பின் புகைக்கூண்டு எப்படிக் காற்றை இழுக்கிறதோ அப்படியே முழு வீடும் இழுக்கிறது. தளத்திலுள்ள வெடிப்புகள், குழாய்கள் நுழையும் துவாரங்கள், சுவரும் தரையும் கூடும் மூலைகள் ஆகிய எல்லாம் அதற்கு வாயில்களாகின்றன. ஆகையால்தான் கோடையைவிடக் குளிர்காலத்தில் ரேடான் அதிகம். மாடியைவிடப் பூமிக்குள் தோண்டிக் கட்டிய அடித்தள அறையில் அதிகம். அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் இருக்கக் கூடும். பக்கத்து வீட்டாரைக் கேட்டு நம் வீட்டு நிலையைத் தெரிந்துகொள்ள முடியாது.

கிணற்று நீரில் கரைந்தும் கொஞ்சம் ரேடான் வரலாம். சமையலறை மேடையில் பதித்த கிரானைட் கல்லைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள். அதிலிருந்து வருவது பொதுவாக அற்பம். முக்கியமான ஊற்று வீட்டுக்கு அடியிலுள்ள மண்ணே.

எவ்வளவு அபாயம்?

பயமுறுத்துவது நம் நோக்கம் அன்று. ஆகவே கணக்கைப் பார்ப்போம். ஒரு விநாடிக்கு ஓர் அணு வெடிப்பதை ஒரு பெக்கரல் என்பார்கள். திறந்த வெளிக் காற்றில் கன மீட்டருக்கு 5 முதல் 15 பெக்கரல் வரை ரேடான் இருப்பது சகஜம். வீட்டில் 100 பெக்கரலைத் தாண்டாமல் இருப்பது நலம், எவ்வாற்றானும் 300-ஐத் தாண்டலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ல் யோசனை கூறியது. மூன்று மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள ஓர் அறையில் 100 பெக்கரல் வீதம் ரேடான் இருந்தால், அதில் ஒவ்வொரு விநாடியும் 2,700 அணுக்கள் வெடிக்கின்றன என்று பொருள்.

ஐரோப்பாவில் நடந்த 13 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2005-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு 100 பெக்கரல் அதிகரிப்புக்கும் சுவாசப்பைப் புற்று நோய் நேரும் அபாயம் ஏறக்குறைய 16 சதவிகிதம் கூடுகிறது என்பது அதன் சாரம். 75 வயதுக்குள் இந்நோயால் இறப்பவர் எத்தனை பேர் என்றும் கணக்கிட்டார்கள். புகை பிடிக்காத ஆயிரம் பேரில், ரேடான் இல்லாத வீட்டில் 4 பேர். 100 பெக்கரல் வீட்டில் 5 பேர். 400 பெக்கரல் வீட்டில் 7 பேர். சிகரெட் பிடிப்பவர்களில் அதே வரிசையில் 100, 120, 160 பேர்! சிகரெட்டும் ரேடானும் கூட்டுக் கொள்ளைக்காரர்கள். ஒருவன் கதவைத் திறந்துவிடுகிறான். மற்றவன் உள்ளே நுழைகிறான். ரேடானுக்கு அஞ்சிக் கருவி வாங்கச் செல்லும் குடும்பத் தலைவர் வழியில் ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பாரானால், அவருடைய கணக்கை எந்த உபாத்தியாயரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒரு மனிதனுக்கு அபாயம் சிறிது. தேசம் முழுவதும் சேர்ந்தால் பெரிது. அமெரிக்காவில் வருஷந்தோறும் சுமார் 21,000 மரணங்களுக்கு ரேடான் காரணம் என்று அந்நாட்டுச் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகா மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய 2,900 பேர் ஒரு நாளும் புகை பிடித்திராதவர்கள். சுவாசப்பைப் புற்று நோய்க்குச் சிகரெட்டுக்கு அடுத்தபடியான காரணம் ரேடான் என்பதே இன்றைய வைத்திய உலகின் முடிவு. 1988-லேயே சர்வதேசப் புற்று நோய் ஆராய்ச்சி நிலையம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாத காரணங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பரிகாரம்

இந்தச் சத்துருவைக் கண்டுபிடிப்பது சுலபம், விரட்டுவதும் சுலபம். ஒரு சிறு டப்பியில் கரித்தூளை வைத்து, வீட்டின் மிகக் கீழான வாச அறையில் சில நாட்கள் திறந்து வைத்து, பிறகு மூடிப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவது ஒரு முறை. ஒரு பிளாஸ்டிக் துண்டை மூன்று மாதமோ அதற்கு மேலோ வைத்திருப்பது மற்றொரு முறை. ஆல்பா கிரணம் ஒவ்வொன்றும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வடுவை இட்டுச் செல்லும். காரத்தில் ஊற வைத்தால் வடுக்கள் பெரிதாகும். பூதக் கண்ணாடி வைத்து எண்ணிவிடலாம். காற்றில் உள்ள அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குமாதலால், இந்த நீண்ட காலச் சோதனையே நம்பத் தக்கது. குளிர் மாதங்களில் செய்வது மேலும் சிறப்பு.

அளவு மிகுந்திருந்தால், தளத்தைத் துளைத்து அடியிலுள்ள மண் வரை ஒரு குழாயை இறக்குகிறார்கள். குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய், இடையில் ஒரு சிறு மின்சார விசிறியைப் பொருத்துகிறார்கள். வீடு மண்ணை உறிஞ்சுவதற்கு முன்னால் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. வாயு வீட்டுக்குள் வராமலே ஆகாயத்தில் கலந்துவிடுகிறது. இத்துடன் வெடிப்புகளையும் பூசிவிட வேண்டும். பூச்சு மாத்திரம் போதாது. ஜன்னலைத் திறப்பதும் திறந்திருக்கும் நேரத்துக்கு மாத்திரமே உதவும். இதற்கு ஆகும் செலவு, வீட்டில் சாதாரணமாகச் செய்யும் மற்ற ரிப்பேர்களின் செலவுக்கு மேற்படாது. புது வீடு கட்டுவோர் ஆரம்பத்திலேயே அந்தக் குழாயைப் பதித்துவிட்டால் செலவு இன்னும் குறைவு. காற்றோட்டந்தான் மருந்து என்று அக்ரிகோலா எழுதி ஐந்நூறு வருஷங்கள் ஆகப் போகின்றன, மருந்து மாறவில்லை.

நமக்கு என்ன?

முற்றமும் தாழ்வாரமும் வைத்து, எதிரெதிரே ஜன்னல் வைத்து, காற்றைத் தாராளமாகப் புழங்கவிடும் நம் ஊர் வீட்டில் ரேடான் தேங்குவது அரிது. வீட்டைச் சூடாக்கும் தேவையும் நமக்கு இல்லை. கன்யாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சி முதலிய கடற்கரைகளில் தோரியம் கலந்த மணல் உண்டு என்பது பிரசித்தம். தோரியத்திலிருந்து பிறக்கும் தோரான் என்னும் வாயு ரேடானின் தம்பி. அதற்கு ஒரு நிமிஷத்துக்குள் பாதி ஆயுள் போய்விடுமாதலால், அதிற் பெரும் பகுதி மண்ணைவிட்டு வெளியேறுமுன்பே அழிந்துபோகிறது. ஆயினும் இக்காலத்தில் நம் நகரங்களிலும் குளிர்ச்சி இயந்திரத்தை வைத்து, ஜன்னலைத் திறவாமலே வாழப் பழகிவருகிறோம். தரையோடு தரையாக உள்ள அறையில் அப்படி வாழ்வோர் தினந்தோறும் சில நாழிகையாவது காற்றுக்கு வழிவிடுவது எல்லா வகையிலும் நன்று.

நமக்கு உண்மையான கவலை வேறிடத்தில் இருக்கிறது. நம் மக்களில் எத்தனையோ பேர் கானடாவிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குடியேறியிருக்கிறார்கள். படிக்கப் போகும் பிள்ளைகளும், புதிதாகக் குடித்தனம் தொடங்கும் தம்பதிகளும் வாடகை குறைவு என்பதற்காக அடித்தள அறைகளையே அமர்த்திக்கொள்கிறார்கள். சொந்த வீடு வாங்கியவர்களோ அதே அடித்தளத்தில் ஊரிலிருந்து வரும் தாய் தந்தையருக்குப் படுக்கை போடுகிறார்கள்; அங்கேயே குழந்தைகளுக்கு விளையாட்டு அறை அமைக்கிறார்கள். மேலே உள்ளவர்களைக் காட்டிலும் அதிக ரேடானைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் கீழே உறங்குகிறவர்தாம். கானடா சர்க்கார் 200 பெக்கரல் என்று எல்லை வகுத்திருக்கிறது. இங்கிலாந்திலும் அதுவே நடவடிக்கைக்கு உரிய எல்லை. ஆனால் எந்த சர்க்காரும் எல்லையை வகுக்கலாமேயன்றி, ஒவ்வொரு வீட்டுப் படுக்கையறையிலும் வந்து அளந்து பார்க்க முடியாது.

வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடம் நாம் எவ்வளவோ விசாரிக்கிறோம். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் வெளிச்சம் உண்டா, அக்கம் பக்கத்தார் நல்லவர்களா என்று கேட்காத பெற்றோர் இல்லை. இனிமேல் அந்தக் கேள்விகளோடு, "வீட்டில் ரேடான் அளந்து பார்த்தாயா?" என்பதையும் சேர்த்துக்கொள்வோம். பிள்ளை முதலில் சிரிக்கலாம். சிரித்துவிட்டு ஒரு சிறு டப்பியை வாங்கி அறை மூலையில் வைப்பானாயின், அந்தக் கேள்வி பலன் கொடுத்ததாகும்.